பனி அறை, பெட்டி அறை, கடலடி அறை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நாகர்கோவில்:
விசித்திரமான ஹோட்டல் என்றால் எல்லாரும் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறோம். படத்தில் வராத மூன்று விஷயம் உண்டு: கக்கூஸ் எங்கே, பெட்டியை எங்கே வைப்பது, வாசலுக்குப் பூட்டு உண்டா. அவரவருக்குத் தெரிந்த இடத்தை இதே மாதிரி, உங்க ஊர்ப் பேர் போட்டு எழுதுங்க. பனி ஹோட்டலை நான் எடுத்துக்கிடுதேன்.

சுவீடனின் வடக்கே கிருனா பக்கத்தில் யூக்காஸ்யார்வி என்ற ஊரில் இருக்கு. 1989-90 குளிர்காலத்தில் ஆரம்பித்தது. டோர்னே ஆற்றில் அறுத்தெடுத்த பனிக்கட்டிதான் சுவரும் கட்டிலும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நிற்கும், அப்புறம் உருகி ஆற்றுக்கே போய்விடும். 2016 முதல் வருஷம் முழுக்க நிற்கிற தனிக் கட்டடமும் இருக்கு.

வெளியே மைனஸ் 30 ஆனாலும் அறைக்குள் மைனஸ் 5 முதல் மைனஸ் 8 டிகிரி வரைதான். பெரும்பாலான அறைகளில் கக்கூஸ் கிடையாது, பெட்டியையும் கொண்டு போகக் கூடாது. இரண்டும் பக்கத்துச் சூடான கட்டடத்தில். படுக்கப் போகும் முன் போய்விட்டு வந்துவிடணும். கட்டில்மேல் கலைமான் தோல், அதுமேல் நாம் நுழைந்து படுக்கிற தூக்கப் பை (ஸ்லீப்பிங் பேக்). நம்ம ஆள்கள் குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர், ஜீன்ஸ் என்று ஏற்றிக்கொண்டு பைக்குள் நுழைவாங்க. வேர்த்து, அந்த ஈரமே நடுராத்திரி ஆளை நடுக்கிவிடும். கம்பளி உள்ளாடை ஒரு அடுக்கு, தொப்பி, காய்ந்த காலுறை போதும். பருத்தி வேண்டாம். மூக்கைப் பைக்குள் விட்டு மூச்சு விடக் கூடாது, மூச்சின் ஈரம் பையை நனைக்கும். போனைப் பைக்குள் வைக்கலைன்னா பேட்டரி காலையில் படுத்திருக்கும். 24 டிகிரிக்குக் கீழேயே உறையும் நம்ம தேங்காயெண்ணெய் அங்கே கல்லுதான். வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.

பனி அறையில் ஒரு ராத்திரி போதும், மீதியைச் சூடான அறையில் எடுங்க. சுவீடன் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மார்த்தாண்டம்:
ஜப்பான் கேப்ஸ்யூல் ஹோட்டல், ஆள் படுக்கிற அளவுப் பெட்டிதான் அறை. முதலாவது 1979-ல் ஒசாகாவில் வந்தது, வடிவமைப்பு கிஷோ குரோகாவா. பெட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். உட்காரலாம், நிற்க முடியாது. பூட்டு கிடையாது, திரைதான். பாஸ்போர்ட்டும் பணமும் லாக்கரில்.

அந்த லாக்கரில் 28 அங்குல டிராலி நுழையாது. ஒரு சின்னப் பையை மட்டும் வைத்துக்கொண்டு, பெரியதை 'தக்யூபின்' கூரியரில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்க. ஆண், பெண் தனித்தனித் தளம். குடும்பமாகப் போனால் பிரியணும். சில இடங்களில் ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. இரண்டு மூன்று ராத்திரி சேர்த்து எடுத்தாலும், சுத்தம் செய்ய நாள்தோறும் காலை 10 மணி வாக்கில் காலி செய்யச் சொல்லும் இடங்கள் நிறைய. பொதுக் குளியலறையில் துணியில்லாமல்தான் இறங்கணும், அதுவும் முதலில் வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டு. பச்சை குத்தியவர்களை விடமாட்டாங்க என்பது பல இடங்களில் விதி.

பெட்டிக்குள் மூச்சு முட்டுமோ என்ற சந்தேகம் இருந்தால் அவ்வளவு தூரம் போய்ச் சோதிக்க வேண்டாம். மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021 நவம்பரில் ரயில்வே 48 பெட்டிகளோடு திறந்தது. அப்போது 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய்.

தக்கலை:
ஜப்பான் என்றதும் ரோபோ ஹோட்டலையும் சொல்லிவிடலாம். நாகசாகி மாகாணத்தில் 2015-ல் திறந்த ஹென் நா ஹோட்டல். அறைப் பொம்மை, ஆள் குறட்டை விட்டால் 'என்ன சொன்னீங்க, புரியல' என்று கேட்டுக் கேட்டு எழுப்பிவிட்டது. 2019 வாக்கில் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. வேடிக்கைக்குப் போகலாம், தூக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை.

குளச்சல்:
கடலடி அறை இரண்டு வகை, வித்தியாசம் தெரியாமல் போகக் கூடாது.

அமெரிக்காவின் கீ லார்கோவில் ஜூல்ஸ் அண்டர்சீ லாட்ஜ், 1986-லிருந்து. அதற்கு முன் அது லா சலுப்பா என்ற கடல் ஆய்வுக் கூடம். ஸ்கூபா (தண்ணீருக்குள் மூச்சு விட உதவும் காற்று சிலிண்டர்) மாட்டி முங்கித்தான் உள்ளே போகணும். சளி, சைனஸ் இருந்தால் காது அழுத்தம் சமன் ஆகாது. அந்த நாளில் இறங்கவே கூடாது. தரையில் ஒரு திறப்பு, அதற்குக் கதவில்லை. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை ஏறவிடாமல் நிறுத்துது. அப்போ, சுமார் 21 அடி ஆழத்துக்குரிய அழுத்தத்தில், அதாவது மேலே உள்ளதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான காற்றைத்தான் ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறோம். உடம்பில் நைட்ரஜன் அதற்கேற்பக் கரைந்து நிற்கும். உடனே விமானம் ஏறினால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கோலி சோடாவைத் திறந்தது மாதிரி குமிழி கிளம்பும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை போகலாம். அதனால் வெளியே வந்து 24 மணி நேரம் விமானம் கிடையாது. திரும்பும் டிக்கெட்டை அதற்கு ஏற்றாற்போலப் போடுங்க.

மாலத்தீவில் 2018-ல் திறந்த முராக்கா அப்படியில்லை. படுக்கையறை கடல்மட்டத்துக்குச் சுமார் 5 மீட்டர் கீழே என்றாலும் மூடிய அறை, சாதாரண அழுத்தம். படியிறங்கிப் போகலாம், மறுநாளே பறக்கலாம். வாடகை நமக்குப் பார்க்க மட்டும்தான். ஆனா தண்ணீர்மேல் கட்டிய குடில்களுக்குப் போறவங்களுக்கும் இது உதவும்: கடல் விமானம் பகலில் மட்டும்தான் ஓடும். மாலேயில் சாயங்காலம் இறங்கினால் அந்த ராத்திரி அங்கேயே தனிச் செலவு. அதில் சாமான் பொதுவாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ. இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசம்.

குழித்துறை:
அண்ணே, அவ்வளவு தூரம் ஏன்? ஆலப்புழைப் படகு வீடு இருக்கே. அயனிப் பலகையைக் கயிற்றால் தைத்த நெல் வள்ளம்தான் அது, நம்ம கடற்கரைக்குப் புதுசில்லை. கேட்க வேண்டியது இதுதான்: பகல் 12-க்கு ஏறினால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவாங்க, ராத்திரி மீனவர்கள் வலை போடும் நேரம். காலை 9-க்கு இறங்கணும். ஆக, 21 மணி நேரத்தில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். 'ஏ.சி. படகு' என்றால் பெரும்பாலும் ராத்திரி 9 முதல் காலை 6 வரை. முழு நேரம் வேண்டுமென்றால் தனி விலை, எழுதி வாங்கிக்கிடுங்க.

ராத்திரி எங்கே கட்டுவீங்க என்று யாரும் கேட்பதில்லை, கேளுங்க. வரிசையாகக் கட்டும் இடமென்றால் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகையும் சத்தமும் உங்க ஜன்னலுக்குத்தான் வரும். பெரிய படகு சின்னக் கால்வாய்க்குள் போகாது. குட்டநாட்டு வீடுகளையும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயலையும் பார்க்கச் சிறுவள்ளம் தனியா பிடிக்கணும். பதிவுச் சான்றும் ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்க. கரிமீன் தனி விலை என்றால் பொரிக்கும் முன்னாடியே கேட்டுக்கிடணும்.

குலசேகரம்:
வயநாடு மர வீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி: பாரம் மரத்தின் மேலா, இரும்புத் தூண் மேலா? மரத்தின் மேல் என்றால் காற்றில் ஆடும், கிறீச்சிடும், அது இயல்பு. அடிமரத்தைச் சுற்றித் தளத்தில் இடைவெளி விட்டிருக்கணும். இல்லாட்டி மரம் பருக்கும்போது பலகை விரியும். அட்டைப்பூச்சிக்கு உப்பு கையில் இருக்கட்டும். சாப்பாட்டுப் பையைத் திண்ணையில் வைத்தால் குரங்குக்குத்தான்.

சுவாமித்தோப்பு:
நம்ம குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு பொலிவியாவின் உயுனி உப்பு ஹோட்டலில் ஆசை வருவது நியாயம். சுவர், நாற்காலி, கட்டில் எல்லாம் உப்பு. நக்கிப் பார்க்கக் கூடாதென்று விதியே இருக்கு. உப்புவெளி நடுவில் முதலில் கட்டியதை, கழிவு போக வழியில்லாமல் 2002-ல் பிரித்துவிட்டாங்க. இப்போதுள்ளவை ஓரத்தில்தான். உயரம் சுமார் 3,650 மீட்டர்; முதல் நாள் தலைவலி, மூச்சிரைப்பு வரும், ஓடியாடாமல் இருங்க. பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பாங்க. இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். குறிப்பிட்ட அரசு மையங்களில் மட்டும் போடுவாங்க, போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். டிக்கெட் போடும் முன் ஊசிக்குத் தேதி வாங்கிடுங்க.