இடைவேளை முடிந்தும் திடலுக்கு வராத அணி: நடுவர் என்ன செய்வது?

திண்டுக்கல் அருகே உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். மூன்று ஞாயிறுகளாக ஒரே தொல்லை. கால்பந்து ஆட்ட விதிகளில் விதி 7-இன்படி இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம். ஒரு அணி மட்டும் 22, 24 நிமிடம் கழித்துத்தான் வேப்பமர நிழலை விட்டு எழுகிறது. எதிரணிப் பிள்ளைகள் வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள். போன வாரம் ஒரு சிறுவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

12ஆவது நிமிடத்திலேயே விசில் ஊதினேன். துணை நடுவரை அனுப்பி அழைத்தேன். அறிக்கையில் நேரத்தைக் குறித்துக் கொடுத்தேன், அமைப்பாளர்கள் அசையவில்லை. போட்டி விதித்தாளில் தாமதத்துக்கு அபராதம் எதுவும் இல்லை. ஆட்டம் மீண்டும் தொடங்குவதைத் தாமதப்படுத்தும் பயிற்சியாளருக்கு விதி 12 மஞ்சள் அட்டைக்கு இடம் தருகிறது, ஆனால் இதுவரை காட்டியதில்லை.

அனுபவமுள்ள நடுவர்களே, இப்படி வராத அணியின் பயிற்சியாளருக்கு எத்தனையாவது நிமிடத்தில் அட்டை காட்டுவீர்கள்?