விண்வெளி நிலையத்துக்கு மலிவான மூச்சு: கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஜியோலைட்:
முதுகலையில் எங்கள் குழுவுக்கு வந்த வேலை: மூன்று பேர் ஆறு மாதம் தங்கும் நிலையத்துக்கு, செலவு குறைந்த உயிர்காப்புக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது. மேலே ஏற்றும் செலவு எடையைப் பொறுத்தது என்பதால், பேராசிரியர் எல்லாவற்றையும் கிலோவாக மாற்றச் சொன்னார். கருவியின் எடை மட்டுமல்ல. அது அடைக்கும் இடம், தின்னும் மின்சாரம், கக்கும் வெப்பம், வீரர்கள் அதைக் கட்டி மேய்க்கும் நேரம் எல்லாமே கிலோதான். நாசாவிலும் இப்படி ஒப்பிடும் முறை உண்டு.

கரியமில வாயுவில் சண்டையே இல்லை. ஒரு ஆள் நாளைக்குச் சுமார் ஒரு கிலோ விடுகிறார். ஒருமுறை மட்டுமே பயன்படும் லித்தியம் ஹைட்ராக்சைடு என்ற வேதிப்பொருளில் பிடித்தால், ஒரு கிலோ வாயுவுக்குக் குறைந்தது 1.1 கிலோ தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 600 கிலோ, டப்பா எடை தனி. ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தில் பிடித்தாலோ, அதைச் சூடாக்கி, பிடித்த வாயுவை வெற்றிடத்தில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

சண்டை தண்ணீரில்தான். ஒரு நண்பர் அமெரிக்காவின் பழைய விண்வெளி நிலையமான ஸ்கைலாபைக் காட்டினார்: 1973-ல் சுமார் 2,700 கிலோ தண்ணீரை நிரப்பியே அனுப்பினார்கள், மூன்று குழுக்கள் மொத்தம் 171 நாள் இருந்துவிட்டு வந்தன. நான் மறுசுழற்சிப் பக்கம். உதிரிபாகங்களின் எடையைச் சேர்த்ததும் இரண்டும் நெருங்கி வந்துவிட்டன.

ஆலைக்காரன்:
உதிரிபாகம் என்றீர்களே, நூற்றுக்கு நூறு. நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறேன். கால்சியம் சல்பேட் படிந்த குழாயைச் சுரண்டியவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன, சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிக்கும் அதே கதிதான். 85 சதவீதத் தண்ணீரை மீட்க வேண்டிய கருவி அது. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் வருகிறது. சிறுநீர் கெடாமலிருக்க அதில் சேர்த்ததோ கந்தக அமிலம். சேர்ந்தால் அதே கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், அடைப்பு! மீட்பு அளவைக் குறைத்து ஓட்டிவிட்டு, அப்புறம் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலையும் பிழியும் கருவி சேர்ந்த பிறகு, 2023-ல் நிலையத்தின் மொத்தத் தண்ணீர் மீட்பு 98 சதவீதம்.

வால்நட்சத்திரம்:
ஆக்சிஜனுக்கு என்ன வைத்தீர்கள்? ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் இருந்தபோது, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் மின்னாற்பகுப்புக் கருவி போதாமல் ஆக்சிஜன் மெழுகுவத்தி (பற்றவைத்தால் ஆக்சிஜன் விடும் வேதிப்பொருள்) ஏற்றினார்கள். 1997 பிப்ரவரியில் அதில் ஒன்றுதான் தீப்பிடித்தது. ஆனாலும் மின்சாரம் கேட்காது, பராமரிப்பு கேட்காது. சர்வதேச நிலையத்திலும் அவசரத்துக்கு வைத்தார்கள்.

ஜியோலைட்:
மின்னாற்பகுப்புதான். கூடவே ஒரு மாதத்துக்கு அவசர இருப்பு, மூவருக்கு நாளைக்கு 2.5 கிலோ வீதம். மெழுகுவத்தியா சிலிண்டரா என்று வாக்கெடுத்தோம். மீர் தீயைப் பற்றிப் படித்திருந்ததால் எல்லாக் கையும் சிலிண்டருக்கே.