ஃபோட்டோ ராக் தாளில் அரக்குச் சிவப்பு மங்குகிறது, கறுப்பு வெளுக்கிறது

கேள்வி

எப்சன் பி900 பிரிண்டர், ஹானெமூலே ஃபோட்டோ ராக் 308 (பளபளப்பில்லாத மேட் தாள்), விண்டோஸ், படம் திருத்த லைட்ரூம். அரக்குப் பட்டு கட்டிய மணப்பெண்ணின் படம். திரையில் புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. தாளில் ஒரே திட்டாக, மெஜந்தா பக்கம் சாய்ந்து வருகிறது. கூந்தலின் கறுப்பும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. லைட்ரூமில் தாள் கம்பெனியின் ஐசிசி ப்ரொஃபைல்தான் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) போட்டிருக்கிறேன். பிரிண்டர் டிரைவரில் மீடியா டைப் (தாள் வகை) பிரீமியம் லஸ்டர். கலர் மோடைத் தொடவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1

கறுப்புக்குக் காரணம் மீடியா டைப். லஸ்டர் என்று கொடுத்தால் பிரிண்டர் ஃபோட்டோ பிளாக் மையை எடுக்கும்; அது பளபளப்புத் தாளுக்கு உரியது. மேட் தாளுக்கு மேட் பிளாக் வேண்டும். ப்ரொஃபைலோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப் என்று எழுதியிருப்பார்கள், அதையே வையுங்கள். எவ்வளவு மை விழும் என்பதும் அதைப் பொறுத்ததுதான். அது மாறினால் ப்ரொஃபைலால் பயனில்லை.

மெஜந்தா சாய்வு, நிறத்தை லைட்ரூம் ஒருமுறையும் டிரைவர் இன்னொருமுறையும் திருத்துவதால் வருகிறது. டிரைவரில் கலர் மோடை ஆஃப் செய்துவிடுங்கள்.

பதில் 2

இவை சரியானாலும் மேட் தாள் திரையளவுக்குக் கறுக்காது. அதன் உச்ச அடர்த்தி (எவ்வளவு கறுக்கும் என்ற அளவு) ஏறக்குறைய 1.6, பளபளப்புள்ள நல்ல பரைட்டா தாளில் 2.2க்கு மேல். அதாவது மேட் கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் 2.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, பரைட்டாவோ சுமார் 0.6 சதவீதத்தை. மடிப்பின் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

சாஃப்ட் ப்ரூஃபில் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) தாள், மை இரண்டையும் சிமுலேட் செய்து, ப்ரூஃப் காப்பியில் மட்டும் நிழலைத் தூக்குங்கள். எவ்வளவு என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஆர்ஜிபி மதிப்பு 0 (முழுக் கறுப்பு), 5, 10 என 30 வரை கட்டங்கள் போட்டு, அதே தாளின் ஒரு துண்டில் அடியுங்கள். எந்தக் கட்டத்தில் கறுப்பிலிருந்து பிரிந்து தெரிகிறதோ, புடவையின் நிழல் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

சிவப்புக்கு ரெண்டரிங் இன்டென்ட் (தாளில் அடங்காத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தேர்வு) பெர்செப்சுவல் போட்டுப் பாருங்கள். ரிலேட்டிவ், தாளின் எல்லைக்கு வெளியே உள்ள சிவப்புகளை எல்லையிலேயே வெட்டிவிடும், மடிப்பு போய்விடும். பெர்செப்சுவல் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குவதால் நிறம் சற்றுக் குறைந்தாலும் வேறுபாடு மிஞ்சும்.

மானிட்டர் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கேண்டெலாவுக்குள் இருக்கட்டும். அதிகமாக இருந்தால் எந்தப் பிரிண்டும் இருண்டுதான் தெரியும்.

கேட்டவர்

நன்றி. பேசாமல் பரைட்டாவுக்கே மாறிவிடலாமா?

பதில் 3

இந்தப் படத்துக்கு மாறலாம். ஆழ்ந்த சிவப்பும் கறுப்பும்தான் இதன் உயிர், மேட்டில் அவற்றைப் பாதி இழக்கிறீர்கள். பனிமூட்டம், வெளிறிய சுவர், முதியவர் முகம் என்றால் ஃபோட்டோ ராக்கை விடவே மாட்டேன். பரைட்டாவுக்கு ப்ரொஃபைலும் மீடியா டைப்பும் வேறு, மை ஃபோட்டோ பிளாக்.

மேட்டிலேயே தொடர்ந்தால், தாளை ஏற்றுமுன் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். பருத்தித் துகள் மேல் மை விழுந்து, பிறகு அது உதிர்ந்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி நிற்கும். நிறத்தை 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேற்பட்ட விளக்கில் பாருங்கள். ஃபிரேம் போடுமுன் 24 மணி நேரம் காயட்டும்.