சர்ச் ஃப்ரேமில் கண்ணாடி மாட்டினேன், தங்கம் செதில் செதிலா உதிருதுங்க

பெருந்துறை அம்மிணி:
வணக்கமுங்க. தை மாசம் காரைக்குடியில பழைய சாமான் கடையில ஒரு ஃப்ரேம் வாங்கினேன். மூணடி உசரம், ரெண்டடி அகலம், சுத்தியும் திராட்சைக் கொடி செதுக்கித் தங்கப்பூச்சு. கடலோரத்துல ஒரு பழைய சர்ச்சுல மாதா படம் இருந்த ஃப்ரேமுன்னு கடைக்காரர் சொன்னார். இங்க வந்து அஞ்சு மில்லிமீட்டர் கனத்துல முகம் பாக்கற கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டினோம். சித்திரை வெயில் ஆரம்பிச்சதும் மூலையில வெடிப்பு, கூட்டறப்ப தரையில தங்கத் துணுக்கு. தூசின்னு ஈரத்துணியில துடைச்சேன், துணியிலயே தங்கம் வந்துருச்சு! அடியில செங்கல் கலர் தெரியுது. கண்ணாடி ஓரத்துல கறுப்புப் புள்ளி வேற. எங்க அத்தை, 'கோயில் சாமானை ஊட்டுல மாட்டினா இப்படித்தான்'ங்கறாங்க. என்னங்க பண்ணட்டும்?

காங்கேயம் ரோடு:
கோல்டு ஸ்ப்ரே ஒரு டப்பா அடிச்சு விடுங்க அக்கா, புதுசாட்ட ஆயிரும்.

மக்கு வேலை:
அம்மிணி, ஸ்ப்ரே பக்கமே போயிராதீங்க. அதுல இருக்கறது பித்தளைப் பொடி மாதிரி ஏதாவதுதான், நாளாவட்டத்துல பழுப்பாயிரும். அதைச் சுரண்டி எடுக்கப் போனா மிச்சமிருக்கற தங்கமும் போயிரும்.

நான் தஞ்சாவூர்ப் படம் செய்யறவன், இப்ப கோயமுத்தூர்ல இருக்கேன். நாங்க படத்துல மக்குங்கற கலவை வைக்கற மாதிரியே இந்த ஃப்ரேம் செஞ்சவங்களும் மரத்து மேல சுண்ணப்பொடியும் தோல்பசையும் கலந்து பல பூச்சு பூசுவாங்க. அது மேல 'போல்'னு ஒரு மெல்லிய செம்மண். அதைத் தண்ணியில நனைச்சு தங்க இலையை, அதாவது ரொம்ப மெல்லிய தங்கத் தகட்டை, விடுவாங்க. உங்க செங்கல் கலர் அந்த மண்ணுதான், துரு இல்ல. தண்ணியில ஒட்டினது தண்ணியிலயே வந்துரும். இனி துணியே வேண்டாம், காஞ்ச மெத்துன்னு பிரஷ் மட்டும். அதுவும் தூக்கி நிக்கற செதில் மேல படக்கூடாது.

நிஜ இலையான்னு சந்தேகம் இருந்தா சாய்ஞ்ச வெளிச்சத்துல பாருங்க. சுமார் மூணு அங்குலத்துக்கு ஒரு தடவை இலை மேல இலை ஏறின மெல்லிய கோடு தெரியும்.

உதிர்றதுக்குக் காரணம் பாதி உங்கூர் வெயில். கடலோர ஈரத்துல கிடந்த மரம் பெருந்துறைக் காய்ச்சலுக்குச் சுருங்குது, மேல இருக்கற சுண்ணப்பூச்சு சுருங்காது. அதனால தூக்கிக்குது. மீதிப் பாதி கண்ணாடி. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கே ரெண்டரை கிலோ. உங்களோடது ஏழு கிலோ வரும். துணிப்படத்தைத் தாங்கினதுக்கு ஏழு கிலோவா? மூலை இணைப்பு திறக்காம என்ன பண்ணும்! கண்ணாடியைப் பின்னால ஒரு பிளைவுட்ல ஏத்தி, அதைச் சுவத்துல தனியா மாட்டுங்க. ஃப்ரேம் அது முன்னால சும்மா நிக்கட்டும்.

கறுப்புப் புள்ளி: ஒட்டின சிலிக்கான் பசையில காடி வாடை அடிச்சுதா? அந்த ஆசிட் கண்ணாடிப் பின்பூச்சைத் தின்னுரும். 'நியூட்ரல்' சிலிக்கான்னு கேட்டு வாங்கணும்.

சோமனூர் பங்கு:
நாங்க கத்தோலிக்கருங்க. 1962–65ல எங்க சபை ஆயருங்க கூடின வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் சர்ச் பீடங்களை மாத்தினப்ப இப்படிப் பழைய சாமான் நிறைய வெளிய போயிருக்கு. திருடினதும் கலந்திருக்கும், அதனால பில் கேட்டு வாங்கி வைங்க. நூறு வருசம் தாண்டின கலைப்பொருளுக்கு 1972 சட்டம் ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அத்தைக்கு மனசு ஆறலைன்னா பங்குச் சாமியாரை ஒருக்கா கேட்டுருங்க.

பெருந்துறை அம்மிணி:
இறக்கிட்டோமுங்க. பின்னால மோந்தா காடி வாடை இன்னும் அடிக்குது! மூணு அங்குலக் கோடும் தெரியுது. உதிர்ந்த துணுக்கை எல்லாம் மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். கடைக்காரர்கிட்ட பில் கேட்டிருக்கேன், ரெண்டு நாளா போனே எடுக்கல. அண்ணா, உங்ககிட்டக் கொண்டாந்தா ஒட்டித் தருவீங்களா?

மக்கு வேலை:
கொண்டாங்க. பைக்குல கட்டிட்டு வந்துராதீங்க. காருல தங்கம் மேல பாக்கறாப்ல படுக்க வெச்சு, மேல எதுவும் போர்த்தாம. டப்பாவையும் மறக்காதீங்க, எந்தத் துணுக்கு எந்த மூலைன்னு ஞாபகமிருந்தா எழுதிப் போடுங்க.