கொரோலா 110: நிண்டா சூடு ஏறுது, ஓடினா இறங்குது

கல்லடி 110
டொயோட்டா கொரோலா ஏஈ110. 5ஏ-எஃப்ஈ எஞ்சின், 1498 சிசி, மெனுவல் கியர், ஓட்டம் 240,000 கிலோமீற்றரைத் தாண்டிட்டு. பின்னேரத்தில காத்தான்குடிக்குள்ளால ஏசி போட்டு ஊர்ந்து போகக்குள்ள பத்து நிமிசத்தில சூட்டு முள்ளு பாதியைத் தாண்டி முக்காலுக்கு வருது. ஏசியை நிப்பாட்டினா ஏறுறது நிக்கும், ஆனா இறங்காது. கல்முனை ரோட்டில 60ல விட்டா ரெண்டு மூணு கிலோமீற்றருக்குள்ள பழைய இடத்துக்கு வந்துடும்.
தண்ணி கிழமைக்கு ஒரு கிளாஸ் குறையுது. கீழ ஒழுக்கு தெரியல்ல. ஒரு கராஜில தெர்மோஸ்டாட் வால்வை, அதான் எஞ்சின் சூடானாப்பிறகு ரேடியேட்டர் வழியைத் திறக்கிற சாமானை, கழட்டி வீசச் சொன்னாங்க. மற்றதில எஞ்சின் ஹெட்டுக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், போயிட்டு, ஹெட்டைக் கழட்டணும் எண்டாங்க. காசைக் கொட்ட முன்னம் வீட்டில எதைப் பார்க்கலாம்? மல்டிமீற்றரும் ஸ்பனர் செட்டும் கையில இருக்கு.

வாழைச்சேனைப் பயணி
வால்வைக் கழட்டுங்க மச்சான். குளிர் நாட்டுக்குச் செஞ்ச சாமான் அது. எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு?

சாய்ந்தமருது வயரிங்
தம்பி, அந்த வேலையை மட்டும் செஞ்சிடாதீங்க. இந்த எஞ்சினில தெர்மோஸ்டாட் இருக்கிறது தண்ணி உள்ள வாற பக்கத்தில. அதோட சேர்த்து பைபாஸ் வால்வும் இருக்கு. எஞ்சின் சூடாகி மேல் வால்வு திறக்கக்குள்ள, கீழ் வால்வு பைபாஸ் வழியை மூடும். கழட்டி எறிஞ்சா அந்த வழி எப்பவும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். சூடு ஏறினாலும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டப்படாது எண்டு டொயோட்டா சேர்விஸ் புத்தகத்திலயே இருக்கு. வெறும் ரோட்டில எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராம பெற்றோல் குடிக்கிறது வேற.
வால்வில சந்தேகமெண்டா கழட்டி ஒரு சட்டித் தண்ணியில நூலில தொங்கவிட்டுச் சூடாக்குங்க. 80 பாகைக்கும் 84 பாகைக்கும் இடையில திறக்கத் தொடங்கணும், 95ல எட்டு மில்லிமீற்றராவது திறந்திருக்கணும். திரும்பப் பூட்டக்குள்ள அந்தக் குட்டி ஆடுற ஊசி மேல் பக்கம் நிக்கணும். கீழ நிண்டா காத்து அடைபடும்.
ஆனா உங்கட கேஸ் வால்வு இல்ல. நிண்டா ஏறி ஓடினா இறங்குதெண்டா, தண்ணி ஒழுங்கா ஓடுது, காத்துத்தான் குறைவு. ஃபேனைப் பாருங்க. ஹெட் கேஸ்கட், அடைச்ச ரேடியேட்டர், தேஞ்ச பம்ப் எல்லாம் பெரும்பாலும் மற்றப் பக்கமாக் காட்டும்: மெல்லமா ஓடினா ஒண்டும் தெரியாது, ஏத்தத்திலயும் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலயும் முள்ளு எழும்பும்.
முதல் சோதனைக்கு ரெண்டு நிமிசம் போதும். சாவியை ஓனில வைங்க, எஞ்சின் வேண்டாம், ஏசி ஓஃப். ரேடியேட்டர் ஃபேனுக்குச் சிக்னல் குடுக்கிற தண்ணி சுவிச்சில இருந்து பிளக்கைக் கழட்டுங்க. ஃபேன் சுத்தணும். இதில கனபேர் குழம்புறாங்க: இந்தச் சுவிச் ஆறினா இணைஞ்சு, சூடானா அறுபடுற சாதி. 83க்குக் கீழ தொடர்பு இருக்கும், 93க்கு மேல இருக்காது. வயர் அறுந்தாக்கூட ஃபேன் ஓடட்டும், எஞ்சின் தப்பட்டும் எண்டு அப்பிடி வச்சிருக்காங்க. கடையில மற்றச் சாதிச் சுவிச்சை மாறி வாங்கிப் போட்டா, ஆறின எஞ்சினில ஃபேன் ஓடும், சூடானா நிண்டுடும்.
தெர்மோஸ்டாட் மூடிப் பக்கம் பாருங்க. அங்க இல்லாட்டி ரேடியேட்டர் கீழ்த் தொட்டி. பக்கத்தில ரெண்டு வயரோட இருக்கிறது ஈசியு (எஞ்சின் கம்பியூட்டர்) சென்சர், அதைக் கழட்டினா எஞ்சின் லைற் பத்தும், கோட் 22 விழும். மாறிக் கழட்டினா பயப்பிடத் தேவையில்ல, பிளக்கைத் திரும்பப் போட்டு பற்றரி மைனஸை ஒரு நிமிசம் கழட்டி வச்சாச் சரி.

கல்லடி 110
நானா, பிளக்கைக் கழட்டினன், ஃபேன் சுத்துது. ஆனா சோம்பலாச் சுத்துது, இறகை எண்ணிடலாம் போல. ஏசி போட்டா ஓடுற மற்ற ஃபேன் நல்ல வேகம். மோட்டர் மாத்தணுமா?

சாய்ந்தமருது வயரிங்
மோட்டருக்குக் காசு குடுக்க முன்னம் கரண்ட் முழுசா அதுக்குப் போகுதா எண்டு பாருங்க. எஞ்சினை ஐடிலில விட்டு, அந்தப் பிளக்கைக் கழட்டி ஃபேனை ஓடவிடுங்க. மீற்றரை டிசி 20 வோல்ற்றில வச்சு நாலு இடம் அளக்கணும்:
பற்றரி பிளஸ்சும் பற்றரி மைனஸும்.
மோட்டர் பிளக்கின்ர ரெண்டு காலும், பின்பக்கத்தால ஊசி குத்தி. பிளக் பூட்டியே இருக்கணும்.
பற்றரி பிளஸ்ஸில இருந்து மோட்டர் பிளஸ்.
மோட்டர் மைனஸில இருந்து பற்றரி மைனஸ்.
கடைசி ரெண்டும் அரை வோல்ற்றுக்குக் கீழ இருக்கணும். எந்தப் பக்கம் கூடக் காட்டுதோ அந்தப் பக்கத்திலதான் கரண்ட் தின்னப்படுது. ஃபேன் ஓடாமச் சும்மா அளந்தா எல்லாம் 12 காட்டும், துருப்பிடிச்ச இணைப்பும் நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். லோட் இருக்கக்குள்ளதான் அதின்ர குணம் தெரியும்.
கை, சட்டை, வயர் ஒண்டும் இறகுப் பக்கம் போகப்படாது.

கல்லடி 110
பற்றரி 14.1. மோட்டரில 10.9. பிளஸ் பக்கம் 0.4. மைனஸ் பக்கம் 2.8.

சாய்ந்தமருது வயரிங்
கூட்டிப் பாருங்க, 10.9, 0.4, 2.8 சேர்த்தா 14.1. கணக்குச் சரி, கள்ளன் எர்த்தில, அதான் மைனஸ் பக்கத்தில. மோட்டர் மைனஸ் வயர் முன் சட்டத்தில ஒரு போல்ட்டில இறங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில நிக்கிற வண்டிக்கு அந்த போல்ட்டுக்குக் கீழ தகரம் உப்பேறி வெள்ளையும் பச்சையுமாப் பூத்திருக்கும். மேலால பார்த்தா பெயின்ற் நல்லாத்தான் இருக்கும்.
பற்றரி மைனஸைக் கழட்டிட்டு போல்ட்டை எடுங்க. வளையத்தின்ர ரெண்டு பக்கமும், தகரமும், போல்ட்டின்ர தலைக்குக் கீழயும் 120 எமரிக் கடதாசியால பளபளப்பு வரும்வரை தேய்ங்க. வளையத்துக்குள்ள வயர் கறுத்திருந்தா வெட்டி எறிஞ்சு புது வளையம் நெரிச்சுப் பூட்டுங்க. முதல்ல உலோகமும் உலோகமும் முட்டி இறுகணும், மறுகாத்தான் மேலால வஸ்லின் பூசணும். முதல்லயே பூசிட்டுப் பூட்டாதீங்க.
அதுக்கு மேல, மோட்டர் மைனஸில இருந்து பற்றரி மைனஸுக்கு நேரடியா இன்னொரு வயர் இழுத்தா உப்புக் காத்துக்குக் கவலையில்ல. 4 சதுர மில்லிமீற்றர், நிறைய மெல்லிய இழையுள்ள வாகன வயர். வீட்டு வயரிங்குக்குப் போடுற 7/0.67 வேண்டாம், ஏழு தடிச்ச இழை, அதிர்வில ஒவ்வொண்டா முறியும்.
எர்த் சரியாகியும் மோட்டர் மெல்லமாச் சுத்தினா கரித்துண்டு தேஞ்சிருக்கும், அல்லது புஷ் இறுகியிருக்கும். இறகைக் கையால சுத்திவிட்டா ரெண்டு மூணு சுத்தாவது தானே ஓடணும்.

ஆரையம்பதி
எர்த் செய்யிற அண்டைக்கே ஒரு டோர்ச்சைப் பிடிச்சு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில பாருங்க. அறுவடை நேரம் அம்பாறைப் பக்கம் ஓடின வண்டியெண்டா, ரோட்டோரம் நெல் காயப்போடுற இடத்துப் பதரும் கூளமும் பூச்சியும் அந்த இடுக்கில கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். முன்னால நிண்டு பார்த்தா தெரியாது. எஞ்சின் பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா, சாதாரணக் குழாய்த் தண்ணியால கழுவுங்க. சேர்விஸ் ஸ்டேசன் பிரெஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடிச்சா அலுமினியத் தகடெல்லாம் படுத்துடும், பிறகு காத்தே போகாது.
தண்ணி என்ன நிறம்?

கல்லடி 110
கூளம் ஒரு கைப்பிடிக்கு மேல வந்தது. தண்ணி பால் விடாத தேத்தண்ணி நிறம். இவ்வளவு நாளும் கிணத்துத் தண்ணிதான் விட்டது.

ஆரையம்பதி
கரையோரக் கிணத்துத் தண்ணியில குளோரைட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். சுண்ணாம்பு குழாய்க்குள்ள படியும், குளோரைட் அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்ட்டுக்குக் கனக்கக் காசு செலவழிச்சுட்டு அதைக் கிணத்துத் தண்ணியில கலக்கிறது வீண் வேலை.
எஞ்சின் முழுக்க ஆறினாப்பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறங்க. ரேடியேட்டர் கீழ்ப் பிளக்கைக் கையால திருகுங்க, பிளையர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் முறிஞ்சிடும். வெறும் தண்ணி நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில வச்சு, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறினாப்பிறகு இறக்குங்க. தெளிஞ்சு வரும்வரை இதையே திருப்பிச் செய்யணும், உங்கட நிறத்துக்கு நாலு தரம் பிடிக்கும். கடைசித் தரம் டிஸ்டில் வோட்டர்.
இப்ப கவனியுங்க. முழு அளவு அஞ்சரை லீற்றர் வாக்கில. ரேடியேட்டரை இறக்கினாலும் பாதிக்குக் கிட்டத் தண்ணி எஞ்சினுக்குள்ள நிண்டுடும். நீங்க பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினா உள்ள இருக்கிற தண்ணியோட சேர்ந்து கால்வாசியாயிடும். அதனால கலக்காத கூலன்ட் 2.7 லீற்றரை முதல்ல அப்பிடியே ஊத்துங்க, மிச்சத்தை டிஸ்டில் வோட்டரால நிரப்புங்க. கலந்து விக்கிற போத்தல் இந்த வேலைக்குச் சரிவராது. சிவப்பையும் பச்சையையும் சேர்க்காதீங்க.
மூடி திறந்தபடி, ஹீற்றர் சூட்டில, ஃபேன் ரெண்டு தரம் ஓடி நிக்கும்வரை விட்டு, குமிழி அடங்கினாப்பிறகு மூடுங்க.
கழிச்ச கூலன்ட்டை வளவில ஊத்தப்படாது. எதிலீன் கிளைக்கோல், இனிக்கும், நாயும் ஆடும் நக்கிச் சாகும். எங்கட மணலில ஊத்தினது கிணத்துக்குப் போகக் கனநாள் எடுக்காது.

வாழைச்சேனைப் பயணி
அப்ப அந்தக் கிளாஸ் தண்ணி எங்க போகுது? ஹெட் கேஸ்கட்டாவும் இருக்கலாம்தானே.

சாய்ந்தமருது வயரிங்
இருக்கலாம், பார்த்துட்டுச் சொல்லணும். காலையில எஞ்சினைப் போட முன்னம் மேல் ஹோஸை அமத்துங்க, மெத்துனு இருக்கணும். போட்டு ஒரு நிமிசத்துக்குள்ள, தண்ணி சூடாக முன்னமே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா எரிஞ்ச வாயு உள்ள வருது. ஒயில் மூடிக்குக் கீழ பால்நிறமும், நாலு ஸ்பார்க் பிளக்கில ஒண்டு மட்டும் கழுவினது போல வெளுத்திருக்கிறதும் அதே கதை. கொம்பிரஷன், அதான் சிலிண்டருக்குள்ள வாற அழுத்தம், 190 பிஎஸ்ஐ வாக்கில நிக்கும், 140க்குக் கீழ போனா யோசிக்கணும்.
இதொண்டும் இல்லாட்டி ரேடியேட்டர் மூடியைச் சந்தேகப்படுங்க. 0.9 எண்டு அடிச்ச மூடி சரியாப் பிடிச்சா தண்ணி கொதிக்க 118 பாகையாவது வேணும். ரப்பர் வெடிச்ச மூடியில நூறு தாண்டினதும் கொதிச்சு ரிசேவ் போத்தலுக்குப் போகும். ஆறினாப்பிறகு போத்தலில இருந்து திரும்ப உறிஞ்சணும். போத்தலில மட்டம் ஏறியே நிண்டா மூடியின்ர நடுவில இருக்கிற குட்டி வால்வு இறுகிட்டு, அல்லது அந்த மெல்லிய ஹோஸ் வெடிச்சிருக்கு.

கல்லடி 110
எர்த் தேய்ச்சு, தனி வயரும் இழுத்தாச்சு. மைனஸ் பக்கம் இப்ப 0.2. ஃபேன் சத்தமே மாறிட்டு. காலையில ஹோஸ் மெத்துனு இருந்தது, ஒயில் சுத்தம். மூடி ரப்பர் நாலு இடத்தில வெடிப்பு, புதுசு போட்டாச்சு. அஞ்சு தரம் கழுவினதில தெளிஞ்சுது. நேத்து காத்தான்குடிக்குள்ள ஏசியோட நாப்பது நிமிசம், முள்ளு பாதிக்குக் கீழ அசையல்ல. வாற மாசம் மஹியங்கனையால கண்டிக்குப் போகணும். பதினெட்டு வளைவு ஏறுமா?

ஆரையம்பதி
தேத்தண்ணி நிறம் அவ்வளவு நாள் நிண்டதால ரேடியேட்டர் உள்பக்கத்தை இன்னும் நம்ப ஏலாது. எஞ்சினை நல்லாச் சூடாக்கி நிப்பாட்டி, சாவியை எடுத்துட்டு, சூடு அளக்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கியால ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமா அளங்க. வாற பக்கத்தில இருந்து போற பக்கம் வரை சூடு படிப்படியா இறங்கணும். நடுவில ஒரு திட்டு மட்டும் குளிர்ந்து கிடந்தா அந்தக் குழாய்கள் அடைச்சிட்டு, கழுவி வராது, ரேடியேட்டர் மாத்தணும். பம்ப் ஓல்டனேட்டர் பெல்ட்டில ஓடுது, பெருவிரலால நல்லா அமத்தினா பத்து மில்லிமீற்றர் அளவுதான் இறங்கணும். பம்ப் கழுத்துக்குக் கீழ இருக்கிற சின்ன ஓட்டையில துருக்கோடு வடிஞ்சிருந்தா, கண்டிக்கு முன்னமே பம்பை மாத்திடுங்க.

கல்லடி 110
ஓட்டைக்குக் கீழ விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒண்டு இருக்கு, காய்ஞ்சது. பம்ப் வாங்குறன்.