மொட்டைமாடி ஏசி யூனிட்டுக்கு 18×12 அங்குல டக்ட் (காற்றுக் குழாய்) போதுமா?

கேள்வி: 5 டன் பேக்கேஜ் யூனிட் (எல்லா பாகமும் ஒரே பெட்டியில் உள்ள ஏசி), சூடு, குளிர் இரண்டும் தரும். டக்ட் பக்கவாட்டில் கிளம்பி, மாடியில் 3 மீட்டர் ஓடி, தளத்தைத் துளைத்து இறங்குகிறது. சப்ளை (அறைக்குக் காற்று போகும் டக்ட்) 18×12 அங்குலம் சரியா? வெளியே உள்ள பகுதியைக் கசியாமல் எப்படி அடைப்பது?

பதில் 1: போதாது சார். டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 400 கன அடி காற்று) வைத்தால் மொத்தம் 2000. 18×12இல் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 1300 அடியைத் தாண்டும். இரைச்சல் கேட்கும், பிளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) திணறும். 24×12 என்றால் 1000 அடி. ரிட்டர்ன் (அறைக் காற்று யூனிட்டுக்குத் திரும்பும் டக்ட்) 30×12 வையுங்கள். ரிட்டர்னில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுவது, அப்புறம் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டுகிறது என்று புலம்புவது. இறங்கும் எல்போவுக்குள் (வளைவுக்குள்) டர்னிங் வேன் (காற்றைத் திருப்பிவிடும் வளைந்த தகடுகள்) கட்டாயம்.

பதில் 2: மூட்டுகளுக்கு மாஸ்டிக் (பசை போன்ற அடைப்புப் பூச்சு) பூசுங்கள். துணி டேப் வெயிலில் உரிந்துவிடும். மேல்தகடு தட்டையாக இருந்தால் மழைநீர் தேங்கி, மூட்டு வழியே இன்சுலேஷனுக்குள் இறங்கும்; லேசான சரிவு கொடுத்து, அலுமினியத் தகடு உறை போடுங்கள். யூனிட்டும் டக்ட்டும் சேரும் வாயில் கேன்வாஸ் கனெக்டர் (வளையும் துணி இணைப்பு) இல்லாவிட்டால் அதிர்வு கீழ் அறை வரை வரும்.

கேட்டவர்: தளத்துளை?

பதில் 2: துளையைச் சுற்றி உயர்த்திய கர்ப் (சிறு வரம்பு), அதன்மேல் ஃபிளாஷிங் (மழைநீரைத் தடுக்கும் மடித்த தகடு). வெறும் சிலிக்கானை நம்பாதீர்கள்.

பதில் 3: டிரெயினில் (ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயில்) பி-டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) மறக்க வேண்டாம். பிளோயர் காயிலுக்குப் பின்னால் இருந்தால், டிராப் இல்லாதபோது உறிஞ்சல் தண்ணீரைத் தட்டிலேயே நிறுத்திவிடும்.