பதில்: கிறவல் சைக்கிளுக்கு என்ன பெயர் வைப்பது?

> "சரளை மிதிவண்டி" போதும். கிறவல் ஆங்கிலத் திரிபுதானே?

வணக்கம் அண்ணை,

gravel என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபுதான், மறுக்கவில்லை. ஆனால் வல்லின றகரம் ஏறி வன்னியில் குடியேறிவிட்ட திரிபு. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத எங்கள் அம்மம்மா "வாசலுக்கு ரெண்டு லோட் கிறவல் பறிக்கவேணும்" என்பா. சரளை என்றதும் எனக்குத் தனிக்கல்தான் கண்ணில் வருகிறது. கிறவல் செம்மண்ணும் கல்லும் கலந்தது. ஆடியில் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும், மேலே மட்டும் போளை கொட்டியதுபோலக் கற்கள் உருளும். கார்த்திகையில் அதே றோட்டு களி.

கிறவல் றோட்டில் ஓடவென்று செய்த இந்தச் சைக்கிளும் அப்படி இரண்டுங்கெட்டான்தான். தார் றோட்டு ரேசிங் சைக்கிளுக்கு ரயர் அகலம் 25, 28 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளுக்கு 50ஐத் தாண்டும். இதற்குப் பெரும்பாலும் 38 முதல் 45 வரை. ஒருவர் முன்வைத்த "சேற்றுச் சைக்கிள்" சரிவராது. அது சேற்றிலும் புல்லிலும் ஓடுகிற சைக்ளோகுரொஸ் என்ற வேறு பந்தயத்துக்குப் பொருந்தும். அங்கே சர்வதேச விதி 33 மில்லிமீற்றருக்கு மேல் விடாது. கிறவல் பந்தயத்துக்கோ 2022இல் இத்தாலியில் தனியாக உலகப் போட்டியே தொடங்கிவிட்டது.

பெயர் இல்லாததால் பட்ட பாட்டையும் சொல்கிறேன். பந்தய ஆசையோடு கடைக்குப் போன மருமகனுக்கு, கேட்கத் தெரியாததால், முன்னுக்கு ஸ்பிறிங் வைத்த மலிவு மலைச் சைக்கிளைத் தள்ளிவிட்டார்கள். முத்தையன்கட்டு வாய்க்கால் றோட்டில் அவனுக்குப் பின்னால் போனேன். மிதிக்க மிதிக்க முன்பக்கம் தலையாட்டியது. கால்பலத்தில் ஒரு பங்கை ஸ்பிறிங்கே தின்றது.

பிறகு அதை விற்று, ஸ்பிறிங் இல்லாத பழைய சைக்கிள் ஒன்று எடுத்தோம். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிறேக். 40 ரயர் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் என் சின்னவிரல் போக இடம் இருந்தது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் களி அப்பிச் சில்லு நின்றுவிடும். மிச்சக் காசு முழுக்க நல்ல ரயர் இரண்டுக்குப் போனது. காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டதும் கல்லில் துள்ளுவது அடங்கியது. புதிதாகப் பந்தயம் ஓடுகிற பெடியனுக்கு, பாரம் குறைந்த பிறேமை விட நல்ல ரயரும் அதற்கு இடமும்தான் முதலில் வேணும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இங்கே ஒரு தம்பி சொன்ன "கிறவலோடி" அழகு. ஆனால் வானோடி என்றால் விமானம் இல்லையே, அதை ஓட்டுகிறவர். ஆகவே கிறவலோடி ஆளுக்கு இருக்கட்டும். வண்டிக்கு, வன்னியில் புழங்கின உந்துருளி (மோட்டார் சைக்கிள்), ஈருருளி (சைக்கிள்) வரிசையில் "கிறவலுருளி" என்பதற்கே என் வாக்கு. தமிழ்நாட்டு வாசகருக்காகப் பக்கத்தில் சரளை மிதிவண்டியையும் போடலாம்.

கீழே வளைந்த ஹாண்டிலுக்கு இன்னும் சொல் இல்லை. மருமகன் "கிடாக்கொம்பு" என்கிறான். எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பிருந்தால் எழுதுங்கோ.